பிறப்பில் குற்றம் தேடிய பேராசிரியர்

இன்றைய இத்தாலியின் வெரோனா நகரில், 1835ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் சேசரே லாம்ப்ரோசோ. மருத்துவம் பயின்று, படை மருத்துவராகப் பணிபுரிந்து, பின்னர் தூரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். குற்றவியலின் தந்தை எனப் போற்றப்பெற்ற அவருடைய வாழ்வு, நம் இளைஞர் கற்றுச் சிந்திக்கத்தக்க ஒன்றாகும்.

தென் இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த ஏழைக் கைதி ஒருவரின் மண்டையோட்டை ஆய்ந்தபோது, அதன் பின்புற அடியில் ஒரு பள்ளத்தை அவர் கண்டார். அத்தகைய பள்ளம் சில விலங்குகளிடம் காணப்படுவது. ஆகவே, குற்றவாளிகளுள் பலர் ஆதி நிலைக்குத் திரும்பிய பிறவிகளே என முடிவு கட்டினார். பெருந்தாடையும் விடைத்த காதும் நீண்ட கைகளும் பிறவிக் குற்றவாளியின் அடையாளங்கள் என 1876இல் நூல் எழுதினார்.

யூத வெறுப்பைக் கண்டித்து 1894இல் எழுதியவரும் அவரே. தம் இனத்தார்மீது சுமத்தப்பட்ட பழியை உணர்ந்தவர், ஏழையின் முகத்தில் தாமே பழியெழுதியதை உணர்ந்தாரில்லை. எனினும், பிற்காலத்தில் வறுமை, மது முதலிய காரணங்களுக்கும் இடமளித்து, பிறவிக் குற்றவாளிகள் ஒரு பகுதியினரே எனத் தம் கருத்தைத் தளர்த்தினார். 1909இல் மறைந்தார். அவருடைய விருப்பப்படி, அவரது எலும்புக்கூடு தூரின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

ஆங்கிலச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, குற்றவாளிக்கெனத் தனி உடலமைப்பு இல்லையென 1913இல் காட்டினார். மனித இயல்பில் மரபுக்கும் ஓரளவு பங்குண்டு. ஆயினும், எவரையும் குற்றவாளியாக விதிக்கும் மரபணு எதுவும் இல்லையென்பதே இன்றைய அறிவியல்.

நம் நாட்டிலோ, லாம்ப்ரோசோவின் நூலுக்கு முன்பே, 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்துவிட்டது. சாதித்தொழில் வழிவழி வருவதுபோலக் குற்றமும் வரும் என்பதே அதன் அடிப்படை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்தையும் பற்றியது. குறவர், பிரமலைக் கள்ளர் முதலியோர் கைரேகை வைத்துக் காவலின்கீழ் வாழ நேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தாலும் அவ்வெண்ணம் முற்றும் ஒழிந்திலது. பிறப்பைக் காட்டி ஒருவரைத் தாழ்த்தும் கூற்று, பேராசிரியர் வாயிலிருந்து வரினும் சான்று கேளுங்கள். அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவதே கல்வி.