தூரிகையால் போரை எதிர்த்தவர்: டேவிட் லோ

போரைப் பற்றிய நூல்கள் நம் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. தளபதிகளின் வரலாறும் தலைவர்களின் வரலாறும் அவற்றில் நிறைந்து கிடக்கின்றன. ஆனால், தூரிகையும் மைக்கூடும் மட்டுமே கொண்டு போர்வெறியர்களைத் தூங்கவிடாமல் செய்த ஒருவரின் வாழ்க்கையை இம்மலரின் வழி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அவர்தாம் கேலிச்சித்திரக் கலைஞர் டேவிட் லோ.

தமிழ்ப்பள்ளியிலும் அதன் பின் தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த எனக்கு, இரண்டாம் உலகப் போர் என்றாலே 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தாபாருவில் கரையிறங்கியதுதான் நினைவுக்கு வரும். அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் போர் மூண்ட கதையை, லோவின் படங்களைப் பார்த்த பிறகே தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

லோ 1891-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தார். அவருடைய அண்ணன் இறந்தபோது, அளவுக்கு மீறிப் படித்ததுதான் காரணம் என்று பெற்றோர் நம்பினார்களாம். அதனால் லோவின் பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றது. அவரோ படம் வரைவதில் மூழ்கினார். 11 வயதிலேயே அவருடைய படம் அச்சேறிவிட்டது. பின்னர் ஆஸ்திரேலியாவின் 'புல்லட்டின்' இதழில் சேர்ந்து, அந்நாட்டுப் பிரதமர் பில்லி ஹியூசைக் கிண்டலடித்துப் பெயர் பெற்றார். 1919-இல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

1927-இல் பீவர்புரூக் பிரபுவின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழ் அவரை அழைத்துக்கொண்டது. முதலாளியின் அரசியல் வேறு, லோவின் அரசியல் வேறு. இருந்தும், தம் மனத்தில் பட்டதை வரையும் உரிமையை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டார் லோ. அந்தத் துணிவை எண்ணி நான் வியக்கிறேன்.

1934-இல் அவர் படைத்த பாத்திரம் கர்னல் பிளிம்ப். குதிரைப்படையினர் டாங்கிக்குள் ஏறினாலும் குதிமுள் அணிந்தே தீரவேண்டும் என்று நீராவிக் குளியலறையில் இராணுவத்தார் பேசிக்கொண்டது லோவின் காதில் விழுந்தது. அதிலிருந்து பிறந்தவர்தாம், இடுப்பில் துண்டு கட்டிய, பருத்த உடலும் தொங்கு மீசையும் கொண்ட இந்தக் கர்னல். காலம் மாறியது தெரியாத அதிகாரிகளுக்கெல்லாம் ஆங்கிலத்தில் அவர் பெயரே பட்டமாகிவிட்டது.

லோவின் உண்மையான போராட்டம் ஹிட்லரோடும் முசோலினியோடும்தான். மற்ற ஓவியர்கள் சர்வாதிகாரிகளை அரக்கர்களாக வரைந்தார்கள். லோ அதை ஏற்கவில்லை. அரக்கன் என்று வரைந்தால் அவர்களுக்கு உள்ளூரப் பெருமைதான். ஊரே தங்களைக் கண்டு நடுங்குகிறது என்று மகிழ்வார்கள். கோமாளியாக வரைந்தால்தான் உறைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அவர் படங்கள் வந்த நாளிதழுக்குத் தடை விழுந்தது.

1937 நவம்பரில் ஜெர்மனி சென்ற பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடம் கோயபல்ஸ் இதைப் பற்றி முறையிட்டார். நாடு திரும்பிய ஹாலிஃபாக்ஸ், அமைதியைக் கருதிச் சற்றுக் குறைத்துக்கொள்ளுமாறு லோவைக் கேட்டுக்கொண்டார். கேட்டவர் வெளிநாட்டுக் கொடுங்கோலர் அல்லர், சொந்த நாட்டு அமைச்சர். சொன்ன காரணமோ அமைதி. லோ இணங்கினார். ஆனால் சும்மா இருக்கவில்லை. இருவரையும் கலந்து 'மஸ்லர்' என்று ஒரு புதுச் சர்வாதிகாரியை வரைந்தார். வாய்ப்பூட்டுப் போடுபவன் என்பதும் ஆங்கிலத்தில் அப்பெயருக்குப் பொருள்! 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும், அந்த இணக்கத்தைக் கைவிட்டு லோ மீண்டும் பழையபடி வரையத் தொடங்கினார். கேலிச்சித்திரத்தை நிறுத்தியதால் போர் நின்றுவிடவில்லை என்பதை வரலாறு காட்டிவிட்டது.

1939 ஆகஸ்டில், அதுவரை ஒருவரையொருவர் தூற்றிவந்த ஹிட்லரும் ஸ்டாலினும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அடுத்த மாதமே போலந்தை இருபுறமும் தாக்கினார்கள். செப்டம்பர் 20-ஆம் தேதி லோவின் மிகப் புகழ்பெற்ற படம் வெளிவந்தது. இருவரும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்குகிறார்கள். வாயிலிருந்து வருவதோ பழைய வசைமொழிதான். ஆனால் அதையே மரியாதையாக விசாரிக்கிறார்கள். இருவருக்கும் நடுவே தரையில் ஒரு பிணம் கிடக்கிறது. வல்லரசுகள் பகைத்தாலும் கூடினாலும் அழிவது யார் என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

1940-இல் பிரான்சு வீழ்ந்தபோது, கொந்தளிக்கும் கடலோரப் பாறையில் தனியே நின்று வானத்தை நோக்கி முட்டியை உயர்த்தும் பிரிட்டிஷ் வீரனை வரைந்தார். பிரிட்டனைப் பிடித்தால் கைது செய்யவேண்டியவர்கள் என நாஜிகள் தயாரித்த பட்டியலில் லோவின் பெயரும் இருந்தது. தூரிகை பிடித்தவருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

வெற்றி நெருங்கியபோதும் அவர் மயங்கவில்லை. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த மூன்றாம் நாள், 1945 ஆகஸ்டு 9-ஆம் தேதி வந்த படத்தில், ஒரு விஞ்ஞானி சின்னஞ்சிறு குழந்தையிடம் உருண்டை ஒன்றை விளையாட நீட்டுகிறார். உருண்டை அணுவாற்றல், குழந்தை மனித இனம். அதே நாளில்தான் நாகசாகியிலும் குண்டு விழுந்தது. பின்னர் வந்த பனிப்போரின் அச்சம் முழுவதும் அந்த ஒரே படத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

லோவின் படங்கள் 'தி இந்து' நாளிதழ் வழியே மைசூருக்கும் சென்றன. அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் அவற்றை ஆவலோடு பார்த்து வந்தான். கையெழுத்தைச் சரியாகப் படிக்கத் தெரியாமல், 'லோ' என்பதைப் பசுவைக் குறிக்கும் 'கவ்' என்றே நெடுநாள் எண்ணியிருந்தான். அச்சிறுவனே பின்னாளில் புகழ்பெற்ற ஆர். கே. லக்ஷ்மண்.

1962-இல் சர் பட்டம் பெற்ற லோ, 1963 செப்டம்பர் 19-ஆம் தேதி லண்டனில் காலமானார். அவர் எனக்குக் கற்றுத் தந்தது ஒரு பழக்கம். நாளிதழில் இரு பெரிய நாட்டுத் தலைவர்கள் சிரித்துக் கைகுலுக்கும் படத்தைக் கண்டால், இப்போதெல்லாம் அவர்களின் முகத்தோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. அவர்கள் காலடியில் யாராவது கிடக்கிறார்களா என்றும் பார்க்கிறேன்.