ஈயத் தகட்டின் முன் ஒரு மனிதர்

விஞ்ஞானப் பாடநூல்களைப் புரட்டும்போது ஒரு விந்தையைக் காணலாம். விதி ஒன்றுக்கு ஒருவருடைய பெயர் சூட்டப்பட்டிருக்கும். அப்பெயரை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர் எழுதுவர், ஆசிரியர் திருத்துவர். ஆயினும் அப்பெயருக்குரியவர் எங்கே பிறந்தார், எதற்காகத் துன்புற்றார், எவ்வாறு மறைந்தார் என்று கேட்பார் ஒருவரும் இரார். மின்னிரசாயனம் பயின்றவர் அனைவரும் அறிந்த யூலியஸ் தாபெல் என்னும் பெயரும் அத்தகையதே. அவரைப் பற்றி எழுதவேண்டிய கடன் எனக்கு நெடுங்காலமாக உண்டு. அக்கடன் எவ்வாறு வந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன்.

1970களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் நான் இரசாயனம் கற்பித்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞான மன்றத்தின் கண்காட்சிக்காக, ஈயக் கதோட்டில் ஐதரசன் வெளிவரும்போது மின்னோட்டமும் அழுத்தமும் எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதைக் காட்ட எண்ணினோம். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைத் தட்டித் தகடாக்கினோம். பல்கலைக்கழக நண்பர் ஒருவர் ஒப்பீட்டு மின்வாய் ஒன்றை இரவல் தந்தார். கெட்டிக்கார மாணவன் ஒருவன் இரு மாலைப்பொழுதுகள் இருந்து அளவீடுகளை எடுத்து, மடக்கைத் தாளிலே புள்ளியிட்டான். புள்ளிகள் பெரும்பாலும் ஒரு நேர்கோட்டில் அமைந்தன. இறுதியில் எடுத்த நான்கு மட்டும் கோட்டுக்குக் கீழே சரிந்து கிடந்தன. அந்நான்கையும் அழித்துவிடுமாறு நான் கூறினேன். அவன் சற்றே தயங்கி, பின்னர் அழித்தான். அழித்துக்கொண்டே, தாபெல் என்பவர் யார் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. கோட்டின் பெயர் அது என்று மட்டும் சொல்லி அவனை அனுப்பிவிட்டேன்.

அம்மனிதரை நான் தேடத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகளின் பின்னரே. தேடக் கிடைத்த வரலாறு என்னைத் தலைகுனிய வைத்தது.

யூலியஸ் தாபெல் 1862ஆம் ஆண்டு யூன் 2ஆம் நாள், சுவிற்சலாந்தின் யூரா மலைப்பகுதியில், இரும்பாலையொன்றைச் சுற்றி எழுந்த சிற்றூரிற் பிறந்தார். சூரிச், மியூனிச், ஏர்லாங்கன் ஆகிய நகரங்களிலே கற்று, 1884இல் ஏர்லாங்கனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் எமில் பிஷர். சேதன இரசாயனத்தின் பேரரசர் எனத்தக்க பிஷர் 1885இல் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது தாபெலும் உடன் சென்றார். 1887இல் குருவும் சீடருமாக, எளிய பொருள்களிலிருந்து வெல்லமொன்றை ஆய்வுகூடத்திலே தொகுத்துக் காட்டினர். வெல்லங்களின் அமைப்பைப் பிஷர் துலக்கிய பெரும் பணியில் அது முதற்படிகளுள் ஒன்றாகும். 1892இல் பிஷர் பேர்லினுக்குச் சென்றார். தாபெல் வூர்ஸ்பேர்க்கிலேயே தங்கிவிட்டார்.

பேராசானின் நிழல் அகன்ற பின்னரே அவருடைய தனிவழி தெளிவாகத் தொடங்கிற்று என்பேன். அவ்வழியின் தொடக்கத்தில் நிற்பது நாம் நன்கறிந்த ஒரு மரம். எட்டி என்றும் காஞ்சிரை என்றும் நாம் சொல்லும் மரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்வது. அதன் வித்தில் உள்ள கொடிய நஞ்சு ஸ்திரிக்னீன். அக்காலத்து இரசாயனவியலாருக்கு அதன் மூலக்கூற்றமைப்பு ஒரு புதிராக இருந்தது. அதன் முழு அமைப்பும் 1946அளவிலேயே தெளிவாயிற்று. அப்புதிரின் சில முடிச்சுகளை அவிழ்க்க முயன்ற தாபெல், ஸ்திரிக்னீனைத் தாழ்த்துவதற்கு வழி தேடினார். வழக்கமான தாழ்த்திகள் அவர் விரும்பியதைத் தரவில்லை. அப்போது அவர் மின்சாரத்தை நாடினார்.

சேதன இரசாயனத்திலே புகழ் பெற்றிருந்த ஒருவர், முப்பது வயதளவிலே மீண்டும் மாணவராகி, லைப்சிக் நகரில் வில்கெம் ஒஸ்வால்டின் ஆய்வுகூடத்திற் பௌதிக இரசாயனம் பயின்றார். அந்நாளில் சேதன இரசாயனவியலாரும் பௌதிக இரசாயனவியலாரும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகாத உறவினர் போல இருந்தனர். தாபெல் இரு வீட்டிலும் உண்டவர்.

ஏனைய உலோகங்களை விடுத்து ஈயத்தை அவர் தேர்ந்ததன் காரணத்தை விளக்குவது இங்கு பொருத்தமாகும். ஐதான சல்பூரிக்கமிலத்தில் ஒரு பொருளைக் கரைத்து மின்னோட்டஞ் செலுத்தினால், கதோட்டிலே இரு நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று போட்டியிடும். ஐதரசன் வாயுவாக வெளியேறலாம். அல்லது கரைந்துள்ள பொருள் தாழ்த்தப்படலாம். பிளாற்றினக் கதோட்டில் ஐதரசன் மிக எளிதாக வெளியேறிவிடும். ஆகவே மின்சாரம் பெரும்பாலும் குமிழிகளாக வீணாகும். ஈயத்திலும் இரசத்திலும் ஐதரசன் வெளியேறுவதற்கு மிகுந்த மேலதிக அழுத்தம் வேண்டும். அவ்வழி அடைபடவே, வேறெவ்வகையிலும் எளிதில் தாழ்த்த முடியாத பொருள்களும் அங்கே தாழ்த்தப்படுகின்றன. ஸ்திரிக்னீன் மட்டுமன்றி, தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனும் தாபெலின் ஈயத் தகட்டிலே தாழ்த்தப்பட்டது.

ஆனால் அத்தகடு தூய்மையானதாக இருத்தல் வேண்டும். பிளாற்றினமோ செம்போ போன்ற உலோகங்களின் சிறு சுவடு அதிற் படிந்தாலும், அச்சுவட்டினூடே ஐதரசன் தப்பியோடிவிடும், தாழ்த்தலும் நின்றுவிடும். இதைக் கண்டறிந்த தாபெல், நுண்டுளைக் கலத்தினால் அனோட்டையும் கதோட்டையும் பிரித்துவைத்தார். தகட்டை முதலில் அனோட்டாக்கி அதன்மேற் கபில நிற ஈயவீரொட்சைட்டுப் படையை உண்டாக்கி, அப்படையை மீண்டும் ஈயமாகத் தாழ்த்திப் புதுமேற்பரப்பு ஒன்றை அமைத்துக்கொண்டார். சமையற்கட்டைத் துலக்குவது போன்ற இச்சிறு வேலையின் மேலேதான் அவருடைய பெருஞ் சாதனைகள் யாவும் எழுந்தன.

இதை வாசித்த அன்றிரவு என் நினைவு பழைய ஆய்வுகூடத்துக்குச் சென்றது. எங்கள் ஈயத் தகட்டைப் பிடித்திருந்தது ஒரு செம்புக் கவ்வி. இரண்டாம் மாலையில் அதன் மேல் அமிலத் திவலை தெறித்துப் பச்சை பூத்திருந்ததை நான் கண்டதுண்டு. அதிலிருந்து கரைந்து ஒழுகிய செம்பு ஈயத்திற் படிந்திருக்கும். படிந்தபின் எடுத்த புள்ளிகள் கோட்டுக்குக் கீழே சரியத்தானே செய்யும்! அந்நான்கு புள்ளிகளும் பிழையல்ல. அம்மாணவனின் அளவீட்டிலே கற்கவேண்டியது மிகுதியாக இருந்த பகுதியே அவைதான். நான் அதை அழிக்கச் சொன்னேன்.

1903இல் தாபெல் வூர்ஸ்பேர்க்கிலே பேராசிரியராகவும் இரசாயன நிறுவனத்தின் தலைவராகவும் ஆனார். 1905இல் வெளிவந்தது அவருக்கு அழியாப் பெயரைத் தந்த கட்டுரை. மின்னோட்டம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் மேலதிக அழுத்தம் ஒரே அளவினாற் கூடுகிறது என்பதே அதன் சாரம். அதாவது, அழுத்தம் மின்னோட்டத்தின் மடக்கையோடு நேர்கோட்டில் ஏறுகிறது. கதோட்டில் தோன்றும் ஐதரசன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கூடி மூலக்கூறாவதே மந்தமான படி எனக் கொண்டு, அதற்கு ஒரு கொள்கை விளக்கமும் அவர் கூறினார். அக்கொள்கைப்படி ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஏறவேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 0.03 வோல்ற்று. அவருடைய கருவி இரசத்திலே காட்டியதோ ஏறத்தாழ 0.11 வோல்ற்று, கொள்கையினும் நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு.

என்னைப் போன்ற ஒருவன் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தாபெல் தம் கொள்கைக்காக அளவீட்டை வளைக்கவில்லை. இரண்டையும் உலகின் முன் வைத்தார். கால் நூற்றாண்டு சென்றபின், 1930இல் ஏர்டே குறூசும் வோல்மரும், இலத்திரன் அயனுக்கு மாறும் படியே அத்தகைய உலோகங்களில் மந்தமானது என விளக்கி அப்பெரிய எண்ணுக்குப் பொருள் கூறினர். தாபெலின் விளக்கம் வேறு சில உலோகங்களுக்கு உரியதாக நின்றது. அவருடைய அளவீடோ எல்லாருக்கும் பொதுவாக நின்றது.

இனி, அவருடைய வாழ்விலே நான் மிகவும் வியக்கும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். மின்பகுப்பிற் கரைவது அனோட்டு, கதோட்டுக் கரையாது. இது நாம் முதலாம் பாடத்திலேயே கற்பிக்கும் செய்தி. நீரிற் கலந்த சல்பூரிக்கமிலத்தில் அசற்றோனைக் கரைத்து, ஈயத்தையும் இரசத்தையும் கதோட்டாக்கித் தாழ்த்தியபோது, எதிர்பார்த்த அற்ககோல் வந்தது. அதனோடு, உலோகத்தைத் தன்னுட் கொண்ட எண்ணெய் போன்ற பொருளும் வந்தது. கரையக்கூடாத கதோட்டை அசற்றோன் அரித்து, அதன் உலோகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொண்டிருந்தது! அசற்றோன் மூலக்கூறு தகட்டின் மேற்பரப்பில் ஐதரசனை ஏற்று, முழுமையாக விடுபடுமுன்னே அவ்வுலோகத்தோடு பிணைந்துவிடுவதால் இது நிகழ்கிறது. இரசம் பற்றிய செய்தி 1906இலும், ஈயம் முதலியவற்றை உள்ளடக்கிய விரிவான கட்டுரை 1911இலும் வெளிவந்தன. காற்றும் ஈரமும் புகாத கலங்களில், உலர்ந்த ஈதரிலேயே சேதனவுலோகச் சேர்வைகளை ஆக்கிப் பழகிய காலம் அது. நீர்க்கரைசலிலே, வெறும் மின்சாரத்தினால் ஈயத்தின் சேதனச் சேர்வை பிறந்தது பெரும் வியப்பன்றோ?

அக்குலத்தைச் சேர்ந்த வேறொரு சேர்வை பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. நாலெதயில் ஈயத்தை 1853இலேயே லோவிக் என்பவர் ஆக்கியிருந்தார். 1921இல் அமெரிக்காவிலே மிட்ச்லி அதனைப் பெற்றோலிற் கலந்தால் இயந்திரத்தின் தட்டொலி நீங்கும் எனக் கண்டார். சோடியமீயக் கலவையோடு எதயில் குளோரைட்டைத் தாக்கவிட்டு அதனைப் பெருந்தொகையாக ஆக்கினர். 1960களில் தெக்சாசு மாநிலத்தில் மின்பகுப்பினாலும் ஆக்கினர். அங்கே ஈயம் அனோட்டு; கரைப்பானும் நீரன்று. தாபெலின் கலத்துக்கும் அத்தொழிற்சாலைக்கும் இடையில் நேர்வழி இல்லை. ஆயினும் ஈயமும் காபனும் பிணையும் நுட்பத்தைப் பற்றி நினைக்கும்போது, அப்பிணைப்பு நகரங்களின் காற்றையும் குழந்தைகளின் குருதியையும் எவ்வளவு நஞ்சாக்கிற்று என்பதையும் நினையாதிருக்க முடியாது. இலங்கையிலே ஈயப் பெற்றோல் 2002இல் ஒழிந்தது. அதனை விற்ற இறுதி நாடாகிய அல்சீரியாவில் 2021இல் ஒழிந்தது.

தாபெல் இவற்றில் எதையும் காணவில்லை. ஈயச் சேர்வைக் கட்டுரை அச்சேறிய வேளையில் அவர் ஆய்வுகூடத்தை விட்டு நீங்கியிருந்தார். உடல்நலம் குன்றியமையால் 1910இல், நாற்பத்தெட்டு வயதிலே, பதவியைத் துறந்தார். அவருடைய நாற்காலிக்கு வந்தவர் நொதித்தலின் இரகசியத்தைக் கண்ட எடுவார்ட் புக்னர். தாபெல் மியூனிச்சிற் குடியிருந்தார். தகடு தொட்ட கை பேனாவைத் தொட்டது. 1911 முதலாகப் பிறருடைய நூல்களை வாசித்து மதிப்புரைகள் எழுதினார். அவை அறுபதுக்கும் மேற்பட்டவை. சோதனை செய்ய இயலாதவராயினும், பிறர் செய்ததைக் கவனமாக நோக்கும் கடமையையாவது அவர் விட்டுவிட விரும்பவில்லை போலும்.

ஆனால் உறக்கம் அவரை விட்டகன்றது. போர் ஐரோப்பாவை எரித்துக்கொண்டிருந்தது. 1917இல் புக்னர் உருமேனியப் போர்முனையில் மாண்டார். உறக்கமின்மையால் நரம்புத் தளர்ச்சியுற்ற தாபெல், 1918ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் நாள், போர் ஓய்வதற்கு இரு திங்களே இருந்த வேளையில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அடுத்த ஆண்டிலே அவருடைய ஆசான் பிஷரும் மறைந்தார்.

அவருடைய முடிவைக் கொண்டு அவருடைய வாழ்வை அளக்க நான் விரும்பவில்லை. ஒரு தகட்டைப் பொறுமையோடு துலக்கியதும், பொருந்தாத எண்ணை மறையாது அச்சிட்டதும், குடுவையிலே மிதந்த எதிர்பாராத எண்ணெயைக் கழிவென்று கொட்டாது ஆராய்ந்ததும் அவருடைய வாழ்வு. அவ்வாறு வாழ்ந்த ஒருவருடைய பெயரைத் தாங்கிய கோட்டைக் காப்பதற்காக, நான் ஒரு சிறுவனைக் கொண்டு உண்மையான நான்கு புள்ளிகளை அழிப்பித்தேன். அக்கண்காட்சியில் எங்களுக்குப் பரிசும் கிடைத்தது.

அம்மாணவன் பின்னர் கடல் கடந்து சென்றுவிட்டான். சில ஆண்டுகளுக்கு முன் அவன் ஊருக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தான். தாபெல் யார் என்பதை அன்று அவனுக்குச் சொன்னேன். செம்புக் கவ்வியைப் பற்றியும் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, அந்நான்கு புள்ளிகளும் எங்கே இருந்தன என்பது தனக்கு இன்னும் நினைவிருக்கிறது என்றான். அவன் சிரித்தான், என்னாற் சிரிக்க முடியவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவருடைய வரைபிலே கோட்டை விட்டு விலகிய புள்ளியைக் கண்டால், அழிதுடைப்பானை எடுக்குமுன் கவ்வியைப் பாருங்கள். அவ்விதி யாருடைய பெயரால் வழங்குகிறதோ, அவர் யார் என்பதையும் ஒரு நிமிடம் சொல்லுங்கள்.