பனியை வென்ற தோட்டக்காரர்

ருசிய நாட்டின் கோஸ்லோவ் நகரில் குளிர்காலம் வந்தால் நிலமும் நீரும் உறைந்துவிடும். அத்தகைய இடத்தில் இனிய பழமரங்களை வளர்க்கத் தம் வாழ்நாளை ஈந்தவர் இவான் மிச்சூரின்.

அவர் 1855ஆம் ஆண்டு பிறந்தார். குடும்ப வறுமையால் உயர்கல்வி பெற இயலவில்லை. கோஸ்லோவ் தொடர்வண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். கடிகாரங்களைப் பழுதுபார்த்தும் பொருளீட்டினார். 1875இல் சிறு நிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பழமரங்களை நட்டார்.

வெப்பமான பகுதிகளின் நல்ல மரங்களை உள்ளூர் மரங்களில் ஒட்டுக்கட்டினால், அவை நாளடைவில் குளிருக்குப் பழகிவிடும் என அவர் முதலில் நம்பினார். பல ஆண்டுகள் அரும்பாடுபட்டார். ஆனால், கடுங்குளிர் அம்மரங்களை அழித்துவிட்டது. குளிர் தாங்கும் மரம் இலையுதிர்காலத்திலேயே வளர்ச்சியை நிறுத்தி, உறக்கநிலையை அடையும். வெப்பநாட்டு மரமோ உரிய காலத்தில் அவ்வாறு அடங்குவதில்லை. ஆகவே அதன் மொட்டுகளும் இளங்கிளைகளும் உறைபனியில் மடிகின்றன.

தோல்வி அவருக்குப் புதுவழி காட்டியது. வளர்ந்த மரத்தை மாற்ற முயல்வதைவிட, தாங்கும் திறனை விதையிலேயே சேர்ப்பது நன்று என உணர்ந்தார். 1888இல் குளிர் தாங்கும் புளிப்புச் செர்ரியையும் இனிப்புச் செர்ரியையும் கலந்து, 'வடக்கின் அழகு' என்னும் வகையை உருவாக்கினார். வளமான மண்ணில் வளரும் கன்றுகள் உறுதி பெறுவதில்லை எனக் கருதி, 1900இல் தோட்டத்தையே வளம் குறைந்த நிலத்திற்கு மாற்றினார். பின்னர்ச் செர்ரியையும், கசப்பான பழம் தரும் உறவு மரம் ஒன்றையும் கலந்து 'செரபாடஸ்' என்னும் புதுவகை கண்டார். அதன் வழிவந்த மரங்கள் இன்றும் புதுச் செர்ரி வகைகளை உருவாக்கும் ஆய்வில் பயன்படுகின்றன.

1932இல் கோஸ்லோவ் நகரம் அவர் பெயரால் மிச்சூரின்ஸ்க் ஆயிற்று. 1935இல் அவர் மறைந்தார். மரபுப் பண்புகள் பற்றிய அவருடைய கருத்துகள் சிலவற்றைப் பிற்கால அறிவியல் ஏற்கவில்லை. ஆயினும், பட்டுப்போன மரங்களிடமிருந்தே பாடம் கற்ற அவரது விடாமுயற்சி போற்றத்தக்கது.

அருஞ்சொற்பொருள்
ஈந்தவர் – கொடுத்தவர்
குத்தகை – பணம் கொடுத்துப் பிறர் நிலத்தைப் பயன்படுத்துதல்
மடிதல் – இறத்தல்
பட்டுப்போன – உயிரற்றுக் காய்ந்த

வினாக்கள்
1. வெப்பநாட்டு மரங்கள் கோஸ்லோவில் அழிந்தது ஏன்?
2. தோல்விக்குப் பின் மிச்சூரின் மேற்கொண்ட புதுவழி யாது?