கலாநிதி புசியா: இருமுறை நாடிழந்த பிரதமர்

தம் சொந்தக் குடியின் ஆட்சிமுறையைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து நூலாக்கி, பின்னர் அந்நாட்டின் பிரதமராகவும் அமர்ந்தவர்கள் உலகில் மிகச் சிலரே. கானாவின் கலாநிதி கோபி அப்ரெபா புசியா அவர்களுள் ஒருவர். விரிவுரையாளர், எதிர்க்கட்சித் தலைவர், அகதி, பிரதமர், மீண்டும் அகதி எனச் சென்றது அவர் வாழ்வு.

1913 யூலை 11ஆம் நாள், அந்நாடு கோல்ட் கோஸ்ட் என்னும் பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், வென்ச்சி என்னும் ஊரின் அரச குடும்பத்தில் அவர் பிறந்தார். அச்சிமோட்டாவில் ஆசிரியராகப் பணியாற்றியபின், 1939இல் ஒக்ஸ்போட் சென்று அரசியலும் பொருளியலும் மெய்யியலும் பயின்றார். 1942இல் நிருவாக உத்தியோகத்தராக நியமனம் பெற்றார். ஆபிரிக்கர் எவருக்கும் எளிதிற் கிட்டாத பதவி அது. குலத்தலைவர்களைக் கொண்டே மக்களை ஆளும் ஆங்கிலேயரின் மறைமுக ஆட்சியை உள்ளிருந்து காணும் வாய்ப்பு அவருக்கு அதனாற் கிடைத்தது.

மீண்டும் ஒக்ஸ்போட் சென்று 1947இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அசாந்தித் தலைவர்களின் நிலை பற்றிய அவரது ஆய்வு 1951இல் நூலாக வெளிவந்தது. அசாந்தி மரபில் தலைவனின் அதிகாரச் சின்னம் முடியன்று. மரத்தாலான சிறு ஆசனம். அது முன்னோரின் ஆன்மாக்களோடு அவனைப் பிணைப்பது. அரச குடியிற் பிறந்தமை மட்டும் போதாது. அரசியன்னை பெயர் குறிக்க, மூத்தோர் ஏற்கவேண்டும். மூத்தோரைக் கலந்தே அவன் ஆளவேண்டும். தவறினால் குற்றங்கள் விசாரிக்கப்பட்டு ஆசனத்தினின்றும் இறக்கப்படுவான். ஆங்கிலேயர் வந்தபின், தலைவனை அமர்த்துவதும் நீக்குவதும் அவர்களது ஒப்புதலுக்கு உட்பட்டன. மக்களுக்கு அஞ்சவேண்டியவன் ஆணையாளருக்கு அஞ்சத் தொடங்கினான். தலைமையின் வேர் இவ்வாறு அறுபட்டதைப் புசியா நிதானமாக எடுத்துக்காட்டினார். கோபமின்றி எழுதப்பட்டமையே அந்நூலின் வலிமை என்பேன்.

1949இல் அரச சேவையைத் துறந்து கோல்ட் கோஸ்ட் பல்கலைக்கழகக் கல்லூரியிற் சேர்ந்த அவர், 1954இல் சமூகவியற் பேராசிரியரானார். இதற்கிடையே 1951இல் சட்டசபை புகுந்து, நிக்குருமாவின் எதிரணிக்குத் தலைமை தாங்கினார். 1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1958இல் விசாரணையின்றி ஐந்தாண்டு வரை சிறை வைக்கும் தடுப்புக் காவற் சட்டம் வந்தது. அத்தகைய சட்டத்தின் பொருளை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1959இல் புசியா நாட்டைவிட்டு வெளியேறினார். ஒல்லாந்தில் ஹேக் நகரிலும் பின்னர் ஒக்ஸ்போட்டிலும் கற்பித்து வாழ்ந்தார்.

1966 பெப்ரவரியில் இராணுவம் நிக்குருமாவைக் கவிழ்த்தது; புசியா நாடு திரும்பினார். 1969 ஓகஸ்ட் தேர்தலில் அவரது கட்சி 140 ஆசனங்களுள் 105ஐ வென்றது.

பிரதமராகிய சில வாரங்களில், நவம்பர் 18ஆம் நாள், அவரது அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. வதிவிட அனுமதியற்ற அந்நியர் இரு வாரங்களுள் அதனைப் பெறவேண்டும், அன்றேல் வெளியேறவேண்டும். நைஜீரியா, நைஜர், தோகோ, அப்பர் வோல்ட்டா ஆகிய நாடுகளிலிருந்து வந்து, கொக்கோத் தோட்டங்களிலும் சந்தைகளிலும் தலைமுறைகளாக உழைத்தோர் மூட்டை முடிச்சுகளோடு எல்லை கடந்தனர். தொகை இலட்சத்துக்கும் மேல். வேலையில்லாத் திண்டாட்டத்தைக் காரணங் காட்டினர். உள்நாட்டில் வரவேற்பும் இருந்தது. ஆயினும் ஏழாண்டு காலம் பிற நாட்டாரின் அனுமதியில் வாழ்ந்த ஒருவர், பிறருக்கு இரண்டே வாரம் தவணை கொடுத்ததை என்னால் ஏற்கமுடியவில்லை. அவரைப் போற்றி எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடப்பதும் சரியன்று.

கொக்கோ விலை வீழ்ந்தது. 1971 டிசம்பரில் நாணயத்தின் பெறுமதி பெருமளவு குறைக்கப்பட்டது. 1972 சனவரி 13ஆம் நாள், சிகிச்சைக்காக அவர் லண்டனில் இருந்தவேளை, கேணல் அச்சியம்பொங் ஆட்சியைக் கைப்பற்றினார். குலத்தலைவனுக்கு மரபு அளித்த விசாரணைகூடப் பிரதமருக்குக் கிட்டவில்லை.

அதன்பின் அவர் உயிரோடு தாயகம் மீளவில்லை. 1978 ஓகஸ்ட் 28ஆம் நாள் ஒக்ஸ்போட்டில் காலமானார். உடல் கானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பிறந்த ஊராகிய வென்ச்சியில் அடக்கம் செய்யப்பட்டது.