வெறுங்காலால் ரோமை வென்ற வீரர்

கொடைக்கானலுக்குப் புதிதாகப் போகிறவர்கள் ஏரிக்கரையிலிருந்து கடைவீதி மேட்டுக்கு ஏறினால் போதும், மூச்சு வாங்கும். அந்த மலை நகரம் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசானது. ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு குறைவு. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சுமையுடன் மேடு ஏறுவார்கள். அவர்கள் உடம்பு அதற்குப் பழகிவிட்டது.

அதைவிடவும் சற்று உயரமான ஒரு நகரம் அடிஸ் அபாபா. எத்தியோப்பியாவின் தலைநகரம். அந்த நாட்டு மலைகளில் வளர்ந்த ஒருவர், பழநிக்குப் பாதயாத்திரை போகும் பக்தரைப்போல வெறுங்காலுடன் போய், உலகத்தையே வென்றார். அவர்தான் அபேபே பிகிலா.

மலையில் வளர்ந்த பிள்ளை

பிகிலா 1932-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி பிறந்தார். ஆடு மாடு மேய்க்கும் ஏழைக் குடும்பம். அவருக்கு மூன்று வயது ஆனபோது இத்தாலி அந்த நாட்டின்மீது படையெடுத்தது. மறு ஆண்டே தலைநகர் வீழ்ந்தது. சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி வெளிநாடு சென்றார். 1941-ம் ஆண்டுதான் திரும்பி வந்தார்.

பிகிலா வாலிபரானதும் சக்கரவர்த்தியின் மெய்க்காவல் படையில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஓட்டம் கற்பித்தவர் ஒன்னி நிஸ்கானன். சுவீடன் நாட்டவர்.

ஓட்டமும் ஓய்வும்

தூரம் ஓடுகிறவர் தினமும் தூரம் ஓடினால் போதும் என்று பலர் நினைப்பார்கள். அது பாதிதான் உண்மை.

கொஞ்ச தூரம் வேகமாக ஓடவேண்டும். பிறகு மெல்ல நடக்கவேண்டும், அல்லது மெதுவாக ஓடவேண்டும். மூச்சு அடங்கியதும் மறுபடியும் வேக ஓட்டம். இப்படிப் பல முறை. இதுதான் 'இடைவேளைப் பயிற்சி'. ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் இதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தார். ஓடும்போது நாடி நிமிஷத்துக்கு 180 வரை ஏறலாம். அது 120-க்கு இறங்கிய பிறகே அடுத்த ஓட்டம். இந்த முறையில் உழைத்த செக் வீரர் ஜடோபெக், 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கியில் மூன்று தங்கப் பதக்கங்களை அள்ளினார்.

நிஸ்கானன் மலை ஓட்டத்தையும் ரோட்டு ஓட்டத்தையும் இந்தப் பயிற்சியோடு சேர்த்தார். மலை பிகிலாவுக்கு மூச்சைக் கொடுத்தது. இடைவேளைப் பயிற்சி வேகத்தைக் கொடுத்தது.

ரோமாபுரியில் ஓர் இரவு

1960-ம் ஆண்டு செப்டம்பர் 10. ரோம் ஒலிம்பிக் மாரத்தான். தூரம் 26 மைல் 385 கஜம். புது ஜோடுகள் பிகிலாவின் காலுக்குச் சரியாக அமையவில்லை. வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்தானே! அப்படியே கிளம்பிவிட்டார்.

மாலையில் தொடங்கிய ஓட்டம் இருட்டிய பிறகும் நடந்தது. வழி நெடுகத் தீப்பந்தங்கள். மொராக்கோ வீரர் ராதி நிழல்போல உடன் வந்தார். முடிவிடத்துக்கு அருகே ஒரு கல்தூண் நின்றது. இத்தாலியர் எத்தியோப்பியாவின் ஆக்சும் நகரிலிருந்து எடுத்து வந்த தூண் அது! அந்தப் பக்கம் வந்ததும் பிகிலா பாய்ந்தார். 25 விநாடி முன்னதாக வெற்றி! நேரம் 2 மணி 15 நிமிஷம் 16.2 விநாடி. அதுவரை உலகில் யாரும் மாரத்தானை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. எத்தியோப்பியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கமும் அதுவே.

பாதத்தின் சூட்சுமம்

ஜோடு போட்டு ஓடுகிறவர்களில் பலர் குதிகாலை முதலில் ஊன்றுவார்கள். ஜோட்டின் தடித்த அடிப்பாகம் அதிர்ச்சியை ஓரளவு தாங்கும். வெறுங்காலுடன் அப்படி ஊன்றினால், சுத்தியலால் அடித்ததுபோல எலும்பு அதிரும். அதனால் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்களில் பலர் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ மெல்ல ஊன்றுகிறார்கள். குதிகால் பிறகுதான் இறங்கும். முழங்கால் சற்று மடங்கும். கெண்டைக்கால் வண்டியின் வில்லைப்போல அடியை வாங்கிக்கொள்ளும். ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-ம் ஆண்டு இதை அளந்து காட்டினார்கள்.

அதற்காக, ஜோடு போட்டுப் பழகியவர்கள் திடீரென்று அதைக் கழற்றி எறியக்கூடாது. கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும். சிறிது சிறிதாகத்தான் பழகவேண்டும்.

வெற்றி வெறுங்காலில் மட்டும் இல்லை என்பதைப் பிகிலாவே காட்டினார். 1964-ம் ஆண்டு டோக்கியோவில் அவர் ஜோடு போட்டு ஓடினார். சுமார் ஆறு வாரங்களுக்கு முன்புதான் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்திருந்தது. அப்படியும் 2 மணி 12 நிமிஷம் 11.2 விநாடியில் ஓடி முடித்தார். ஒலிம்பிக் மாரத்தானை இருமுறை வென்ற முதல் வீரர் ஆனார்.

விதி பறித்த கால்கள்

1968-ம் ஆண்டு மெக்சிகோவில் காலில் காயத்துடன் ஓடினார். பாதி வழியைக்கூட எட்டாமல் விலகினார். அவருடைய தோழர் மாமோ வோல்டே தங்கம் வென்றார். மறு ஆண்டு கார் விபத்து. உலகத்தை வென்ற கால்கள் அசையாமல் போயின.

பிகிலா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் சிகிச்சை பெற்றார். வில்லைக் கையில் எடுத்தார். உடல் ஊனமுற்றோருக்கான வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார். 1973-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி காலமானார். வயது 41.

நம் நாட்டிலும் வெறுங்காலுடன் ஓடிப் பேர் வாங்கிய ராணுவ வீரர் ஒருவர் உண்டு. பீகாரைச் சேர்ந்த சிவநாத் சிங். அவர் 1978-ம் ஆண்டு மாரத்தானை 2 மணி 12 நிமிஷத்தில் ஓடினார். 40 ஆண்டுகளுக்கு மேல் அதை எந்த இந்தியராலும் மிஞ்ச முடியவில்லை.

ரோமில் நின்ற அந்தக் கல்தூணை இத்தாலி 2005-ம் ஆண்டு எத்தியோப்பியாவுக்கே திருப்பி அனுப்பியது. இன்று அது ஆக்சும் நகரில், தன் பழைய இடத்தில் நிற்கிறது.