லீக் இல்ல, ஷீல்டு இல்ல... ஆனாலும் மோகன் பகானின் முகம் இவர்தான்! யார் இந்த கோஷ்டோ பால்?

சிஎஸ்கேன்னு சொன்னதும் யார் முகம் ஞாபகத்துக்கு வருது? யோசிக்கவே வேண்டாம், தோனி. இத்தாலியின் நாபோலி அணின்னா மரடோனா. கோப்பை ஜெயிச்சுக் கொடுத்தவர் அணியின் முகமா மாறுறார். கணக்கு நேராத்தான் இருக்கு.

ஆனா இந்தியக் கால்பந்தில் இந்தக் கணக்குக்குள் அடங்காத ஒருத்தர் இருக்கார். மோகன் பகான் அணிக்காக 20 வருஷத்துக்கும் மேல ஆடினார். அந்தக் காலத்தில் கொல்கத்தாவில் பெரிய விஷயமா பார்க்கப்பட்டது ரெண்டுதான்: ஐ.எஃப்.ஏ ஷீல்டு, கல்கத்தா லீக். அவர் ஆடிய காலத்தில் மோகன் பகான் இந்த ரெண்டில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. முன்வரிசையில் நின்று கோல் மழை பொழிந்தவரும் இல்லை, அவர் ஒரு பேக். ஆனாலும் அந்த அணியின் முகம் யாருன்னு கேட்டால் வரும் முதல் பெயர்களில் ஒன்று, கோஷ்டோ பால்.

எப்படி? அதுக்கு முதல்ல நம்ம தூத்துக்குடிக்கு ஒரு நடை போயிட்டு வரணும்.

1911-ல் நடந்த மூன்று விஷயங்கள்

வ.உ.சி-யின் சுதேசிக் கப்பல் கம்பெனி கதை நமக்குத் தெரிஞ்சதுதான். 1906-ல் பதிவான கம்பெனி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் விட்டது. எதிரில் நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டே போனது. கடைசியில் இலவசப் பயணம், கூடவே குடை என்கிற அளவுக்கு இறங்கியதாகச் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி கைதானார். வங்கத் தலைவர் விபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடக் கூட்டம் போட்டதும் அந்தக் கைதுக்கு ஒரு காரணம். அவர் சிறையில் இருந்தபோதே, 1911-ல், கம்பெனி மூடப்பட்டது.

அதே 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார்.

சரியாக 6 வாரம் கழித்து, ஜூலை 29-ல், கொல்கத்தா மைதானத்தில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ ஷீல்டை எடுத்தது. அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி அதுதான். 11 பேரில் 10 பேர் காலில் பூட்ஸ் கிடையாது. வெறுங்காலோடு ஆடி, ராணுவ பூட்ஸ் போட்டவர்களை ஜெயித்தார்கள். கடலில் முடியாமல் போனது மைதானத்தில் முடிஞ்சது. இப்படிச் சேர்த்துப் பார்ப்பது என் கணக்குதான். ஆனா அன்றைக்கு வங்கத்தில் அந்த வெற்றியை வெறும் விளையாட்டா யாரும் பார்க்கவில்லை.

இந்த அலை ஓய்வதற்குள் அணிக்குள் வந்த பையன்தான் கோஷ்டோ பால்.

16 வயசில் வந்தார், போகவே இல்லை

பிறந்தது 1896-ல், கிழக்கு வங்கத்தின் ஃபரீத்பூர் பக்கம் போஜேஸ்வர் என்ற கிராமத்தில். இன்றைக்கு அது வங்கதேசத்தில் இருக்கு. சின்ன வயசிலேயே கொல்கத்தாவின் குமார்துலிக்கு வந்துவிட்டார். களிமண்ணில் துர்கை சிலை செய்யும் கைவினைஞர்களின் பேட்டை அது. அங்கேதான் பந்து உதைக்கப் பழகினார். 1912-ல் மோகன் பகான் அவரை எடுத்தது. அந்த வருஷக் கடைசியில்தான் வ.உ.சி சிறையிலிருந்து வெளியே வந்தார்.

1935 வரைக்கும் அவர் மோகன் பகானுக்காக ஆடினார். இப்போ மாதிரி ஏலமோ கோடிகளோ இல்லாத காலம். ஆடுவதற்குச் சம்பளமே கிடையாது. கால்பந்து மட்டும் இல்ல, அதே கிளப்புக்காக ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஆடியவர். 1921 முதல் 1926 வரை கால்பந்து அணியின் கேப்டன்.

பேக் ஆடியவருக்கு ஏன் இவ்வளவு பேர்?

இது கொஞ்சம் விளக்க வேண்டிய இடம். இன்றைக்கு ஒரு அணி 4 பேரைத் தற்காப்பில் நிறுத்துது, சில நேரம் 5 பேர். அன்றைக்கு 2-3-5. அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் ரெண்டே ரெண்டு பேக். எதிரே வருவது 5 ஃபார்வர்டு. ஒருத்தர் ஏமாந்தால் கதை முடிஞ்சது.

அதற்கேற்ற மாதிரி ஆஃப்சைடு விதியும் அப்போ கடுமை. பந்து தன்னிடம் அனுப்பப்படும் நேரத்தில், ஒரு ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் 3 பேர் இருக்கணும். அதனால் ஒரு பேக் சரியான நேரத்தில் நாலு அடி முன்னால் நகர்ந்தாலே எதிரணி தாக்குதல் செத்துவிடும். இந்த நேரக் கணிப்புதான் பேக்குகளின் மூலதனம். 1925-ல் அந்த 3 என்பது 2 ஆனது. ஃபார்வர்டுகளுக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி. உலகம் முழுக்க கோல்கள் கூடின, பேக்குகள் திணறினார்கள். அந்த விதி மாற்றத்தை நடு வயசில் சந்தித்து, அதன் பிறகும் 10 வருஷம் தாக்குப்பிடித்தவர் கோஷ்டோ பால்.

அதுவும் வெறுங்காலில். எதிரே தோல் பூட்ஸ் போட்ட சிப்பாய். பந்தைப் பறிக்கக் காலை நீட்டினால் விரல் நசுங்கும். அவர் காலை நீட்டினார், பந்தோடு திரும்பினார். பார்க்க வந்த கூட்டத்தில் பெரும்பாலானோர் அலுவலகத்தில் வெள்ளைக்கார துரைக்கு முன்னால் பகல் முழுக்கத் தலை குனிந்து நின்ற குமாஸ்தாக்கள். சாயங்காலம் அதே இனத்துக்காரர்கள் ஓடி வரும்போது நம்ம ஆள் ஒருத்தர் நகராமல் நிற்பதை அவர்கள் பார்த்தார்கள். கோல் அடிப்பவரைக் கொண்டாடுவது எந்த ஊரிலும் நடக்கும். நகராமல் நிற்பவரைக் கொண்டாட அந்த ஊருக்கு ஒரு காரணம் இருந்தது.

சீனப் பெருஞ்சுவர் என்ற பட்டப்பெயர் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

சுவர் வழுக்கிய நாள்

வெறுங்கால் ஆட்டத்துக்கு ஒரு எதிரி உண்டு. மழை. காய்ந்த தரையில் வெறுங்கால்காரர் வேகம், பந்து மேல அவருக்குப் பிடி அதிகம். தூத்துக்குடி கடற்கரை மணலில் ஆடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனா கொல்கத்தாவின் கால்பந்து சீசனே மழைக்காலம்தான். சேற்றில் பூட்ஸ் ஆணி பிடிக்கும், பாதம் வழுக்கும்.

1923-ல் மோகன் பகான் மறுபடியும் ஷீல்டு இறுதிப் போட்டிக்குப் போனது. எதிரணி கல்கத்தா எஃப்.சி, முழுக்க வெள்ளையர் அணி. அன்றைக்குப் பார்த்து மழை கொட்டி மைதானத்தில் தண்ணீர் நின்றது. 0-3 தோல்வி. அதே வருஷம் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை இறுதிப் போட்டி, அங்கேயும் தோல்வி. கோஷ்டோ பால் ஷீல்டுக்கு ரொம்ப நெருக்கத்தில் போனது அந்த 1923-ல்தான்.

மழை மட்டும் காரணம் இல்லை. கல்கத்தா லீக் முதல் டிவிஷனில் ஒரே நேரத்தில் ரெண்டு இந்திய அணிகளுக்கு மேல் இடமே கிடையாது என்றொரு விதி இருந்தது. தகுதி பெற்றும் கதவு மூடப்பட்ட ஈஸ்ட் பெங்கால் சண்டை போட்ட பிறகு, 1920-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. ஜெயித்தாலும் உள்ளே விடமாட்டோம் என்று சொன்ன லீக்கில் ஆடித்தான் அவர் பேர் வாங்கினார்.

1933-ல் இந்திய அணி இலங்கைக்குப் போனது. கேப்டன் கோஷ்டோ பால். அங்கே இலங்கை அணியை 1-0 என்று வென்று வந்தார்கள். வ.உ.சி-யின் கப்பல் எந்தக் கொழும்புக்குப் போனதோ, அதே தீவு.

அடுத்த வருஷமே லீக்கை முதன்முதலாக ஒரு இந்திய அணி ஜெயித்தது. ஆனா அது மோகன் பகான் இல்லை, முகமதன் ஸ்போர்ட்டிங். பாவம், அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! மோகன் பகான் முதல் லீக் பட்டத்தைத் தொட்டது 1939-ல். அவர் ஓய்வு பெற்று 4 வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஓய்வைப் பற்றி மைதான் பக்கம் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1935-ல் கல்கத்தா எஃப்.சி-யுடன் ஆட்டம். நடுவரின் முடிவுகள் ஒருபக்கமாகவே போக, கோஷ்டோ பாலும் சக வீரர்களும் புல்தரையில் அப்படியே படுத்துவிட்டார்களாம். வாக்குவாதம் இல்ல, கைகலப்பு இல்ல. அதோடு அவர் ஆட்டத்தை முடித்துக்கொண்டார் என்கிறார்கள்.

அதற்குப் பிறகு

சுதந்திரம் வந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலில் ஆடி பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றபோது உலகமே வியந்து பார்த்தது. அந்த அணியின் கேப்டன் தாலிமெரன் ஆவ், மோகன் பகான்காரர். அவரும் தற்காப்பு ஆட்டக்காரர்தான்.

1962-ல் கோஷ்டோ பாலுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் அவர். 1976 ஏப்ரலில் காலமானார். 1998-ல் தபால் தலை வந்தது.

மோகன் பகானின் சின்னத்தைப் பார்த்திருக்கீங்களா? ஒரு பாய்மரப் படகு. நம்ம ஊர் தோணியை நினைவுபடுத்தும். ரசிகர்களுக்கும் மாலுமிகள் என்றுதான் பேர்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி பெயர் வைத்தது 2011-ல், அவர் கம்பெனி மூடப்பட்டு 100 வருஷம் கழித்து. கொல்கத்தாவில் அவ்வளவு நாள் ஆகவில்லை. ஈடன் கார்டன்ஸ் பக்கம் 1984-லேயே கோஷ்டோ பாலுக்குச் சிலை வந்துவிட்டது. இன்றைக்கு மோகன் பகான் கிளப்புக்கு ஒரு கடிதம் போடணும்னா, முகவரியில் தெருப் பெயர் கோஷ்டோ பால் சரணி என்றுதான் எழுதணும்.