மருத்துவரை உருவாக்கிய மருத்துவர்: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

நம் மங்கலம்பேட்டையும் வடக்கேயுள்ள திண்டிவனமும் 1993 வரை தென்னார்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவை. அத்திண்டிவனத்தில் ஓர் இரவில் நிகழ்ந்த துயரமே வேலூரில் ஒரு மாபெரும் மருத்துவக் கல்லூரி எழக் காரணமாயிற்று என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியார். அத்துயரத்திற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் 1819இல் இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னையிலும் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர். தந்தையாரும் மருத்துவரே. 1876ஆம் ஆண்டு தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் பசியால் மடிந்ததைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டார். பின்னர் அமெரிக்கா சென்று கல்வி பயின்றார். குடும்பத்தாரைப் போன்று இந்தியாவில் தொண்டாற்றும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. 1890இல், நோயுற்ற தாயைப் பேணும் பொருட்டே திண்டிவனம் வந்தார்.

திண்டிவனத்து இரவு

அங்குத் தங்கியிருந்த நாள்களில், ஓரிரவு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் சாதி இந்து. மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக் கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தையார் உடனே புறப்பட ஆயத்தமாக இருந்தார். ஆயினும் ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு அவர்கள் இசையவில்லை. ஐடாவோ மருத்துவம் கற்றவரல்லர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் உயிர் துறந்தனர்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்விரவு கதவைத் தட்டியவர்களுள் சேரியிலிருந்து வந்தவர் எவருமிலர். சேரியில் பேறுகால மரணம் நிகழவில்லை என்பது அதன் பொருளன்று. மருத்துவமனை வாயில் தமக்கும் உரியது என்ற எண்ணமே நம் முன்னோருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அந்நாளில் மாண்ட நம் தாய்மார்கள் எத்துணையர் என்பதை எவரும் கணக்கெடுத்து எழுதி வைக்கவில்லை.

வேலூரில் பணி

அவ்விரவே ஐடாவின் உள்ளம் மாறிற்று. அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரோடு 1900இல் தாயகம் போன்ற இம்மண்ணுக்குத் திரும்பினார். அவ்வாண்டே தந்தையாரும் மறைந்தார். வழிகாட்ட ஒருவருமின்றி, வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவம் தொடங்கினார். இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளைக் கவனித்தார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பெற்றது. மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காகக் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்தளித்தார்.

ஆள்களை உருவாக்குதல்

எனினும் ஒரு மருத்துவரின் இரு கைகள் எத்தனை பேரைக் காக்க இயலும்? இவ்வினாவே அம்மையாரைப் பிற மருத்துவரினின்றும் வேறுபடுத்திற்று. வெளிநாட்டிலிருந்து மேலும் சிலரை அழைத்து வருவதனால் மட்டும் பயனில்லை, இந்நாட்டுப் பெண்களையே பயிற்றுதல் வேண்டும் என்று துணிந்தார். 1903இல் கம்பவுண்டர் பயிற்சியும், 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பெற்றன.

புண்ணைக் கழுவுதலும் பிறர் உடலின் அழுக்கைத் துடைத்தலும் இழிதொழில் எனக் கருதப்பட்ட காலம் அது. அத்தொழிலைச் செய்தவரைச் சமுதாயம் தீண்டாதென ஒதுக்கிற்று. அதே பணி பாடநூலும் தேர்வும் சான்றிதழும் உடைய கல்வியாக உயர்ந்தபோது மதிப்புக்குரியதாயிற்று. இழிவு தொழிலில் இல்லை; கல்வியை மறுத்ததிலேயே இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1918இல் பெண்களுக்கான எல்.எம்.பி. மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். விண்ணப்பிக்க மூவர்கூட வரமாட்டார்கள் என்று அரசு மருத்துவத் துறைத் தலைவர் ஐயுற்றார். வந்த விண்ணப்பங்களோ 151. முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேர்ச்சி பெற்றனர்.

1938இல் சென்னை மாகாண அரசு, எல்.எம்.பி. படிப்பை நிறுத்திப் பட்டப்படிப்பு மட்டுமே நடைபெறும் என அறிவித்தது. பேராசிரியரும் கருவிகளும் கட்டடங்களும் பன்மடங்கு தேவைப்பட்டன. பள்ளி மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதை எட்டிய அம்மையார் சோர்ந்து அமரவில்லை. 1941இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று. 1946இல் செவிலியர் பட்டக் கல்லூரியும் ஏற்பட்டது. பின்னர் ஆண்களும் சேர்க்கப்பெற்றனர். அம்மையார் ஓய்வு பெற்றபின் நிறுவனத்தின் தலைமை டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணியிடம் சென்றது. தாம் இல்லாவிடினும் பணி நடைபெற வேண்டும் என்ற அவர்தம் நோக்கம் அன்றே நிறைவேறிற்று. 1960 மே திங்களில் கோடைக்கானலில், தம் 89ஆம் வயதில் அம்மையார் இயற்கை எய்தினார்.

நாம் கொள்ள வேண்டுவது

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்தவர் நாம். மண் எத்துணை நல்லதாயினும், அச்சும் சூளையும் இன்றிக் கலம் ஆவதில்லை. நம் பிள்ளைகளிடம் அறிவுக்குக் குறைவில்லை. பயிற்சிக்கு அனுப்பி வைப்பாரே குறைவு. பத்தாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்ற மாணவி ஒருத்தி, செவிலியர் படிப்பில் இடம் கிடைத்தும் விடுதிச் செலவுக்கு வழியின்றி வயல் வேலைக்குச் சென்றதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அத்தொகை பெரிதன்று, கேட்க வேண்டிய இடமும் கொடுக்க வேண்டிய கையும் அன்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் அக்கையாக விளங்குதல் வேண்டும். ஆண்டுதோறும் ஒரு மாணவியையேனும் செவிலியர் பயிற்சிக்கு அனுப்ப உறுப்பினர்கள் உறுதி பூணுக. இளைஞர்களே, மருத்துவர் ஒருவர் நம் தெருவுக்கு வருவார் எனக் காத்திராமல், நம் தெருவிலிருந்து மருத்துவரும் செவிலியரும் புறப்படச் செய்வோம்.